மூன்றாம் கொட்டகையின் காக்கிச் சட்டை

எங்கள் பண்ணையின் மூன்றாம் கொட்டகைக் கதவுக்கு வெளியே, கால் நனைத்துப் போகும் மருந்துத் தண்ணீர்த் தொட்டிக்கு மேலே, ஒரு பெரிய ஆணி அடித்திருக்கிறது. அதில் ஒரு காக்கிச் சட்டை தொங்கும். முழங்கையில் இரண்டு ஒட்டு. காலரைத் திருப்பித் தைத்திருக்கும். மேலிருந்து இரண்டாவது பொத்தான் இருந்த இடத்தில் ஓர் ஊக்கு. லாரி ஓட்டுகிறவர்கள் போடும் சட்டைதான். ஆனால் நான் அறிந்து அதைப் போட்டுக்கொண்டவர் லாரி ஓட்டியவர் அல்ல; நாமக்கல்லுக்கு மேற்கே இருக்கும் இந்தக் கோழிப்பண்ணையில் இருபத்திரண்டு வருடம் குஞ்சு வளர்த்த ஓர் அம்மாள். பெரியம்மா என்றுதான் எல்லோரும் கூப்பிட்டோம். சேலைக்கு மேல் அந்தச் சட்டையை மாட்டி, கையை மணிக்கட்டு வரை இறக்கிவிட்டு, தலையில் துண்டைக் கட்டினாரென்றால் அவருடைய நாள் தொடங்கிவிடும். "என்ற ஊட்டுக்காரரு சட்டைங்க சாமி. அவரு போட்டதக் காட்டீலும் நான் போட்டதுதான் சாஸ்தி" என்று சிரிப்பார். கணவர் லாரி டிரைவராக இருந்து காலமானவர் என்பதற்கு மேல் அவரைப் பற்றிப் பெரியம்மா பேசி நான் கேட்டதில்லை.

எனக்குச் சொந்த ஊர் வாழப்பாடிப் பக்கம். அப்பா கிழங்கு மூட்டை ஏற்றி இறக்குகிறவர். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குள் போய் உட்கார்ந்த முதல் ஆள் நான். பி.காம். முடித்து இந்தப் பண்ணைக்கு மேனேஜர் என்ற பெயரில் வந்தபோது அம்மா ஊர் முழுக்கச் சொல்லி வைத்தாள். வந்த பிறகுதான் தெரிந்தது, மேனேஜர் என்பவன் யாருக்கும் சேராதவன் என்று. நான் பக்கத்தில் போனால் வேலையாட்களின் பேச்சு நின்றுவிடும். முதலாளி வீட்டில் எனக்குக் காப்பி வரும்; உட்காரச் சொல்லமாட்டார்கள். ஆபீசை ஒட்டிய ஓர் அறையில் தங்கியிருந்தேன். ஆயிரக்கணக்கான கோழிகள் ஓயாமல் சத்தம் போடும் இடத்தில், ஒரு நாள் முழுவதும் என்னிடம் யாரும் ஒரு வார்த்தை பேசாமல் போன நாட்கள் உண்டு. பெரியம்மா ஒருவர்தான் காலையில் என் ஜன்னலைத் தாண்டும்போது, "எந்திரிச்சாச்சுங்ளா சாமி?" என்று கேட்டுவிட்டுப் போவார். "ஆச்சுங்க" என்பேன். "உங்கூர்ல இந்த 'ங்க' கெடைக்காதாமா, இங்க வந்துதான் கத்துக்கிட்டீங்ளாக்கும்" என்பார். அவ்வளவுதான். அந்த இரண்டு வரியை வைத்துக்கொண்டு சாயங்காலம் வரை ஓட்டிவிடுவேன்.

அவருக்கு ஒரு வழக்கம் இருந்தது. கொட்டகைக் கதவை ஒருநாளும் சட்டென்று திறக்கமாட்டார். நாலு எட்டு தள்ளி நின்று, உள்ளே கேட்கிற மாதிரி, "வாரேன் சாமி, வாரேன்" என்று நீட்டிச் சொல்வார். உள்ளே அத்தனை குஞ்சுகளின் கீச்சு ஒரு கணம் அடங்கும். பிறகு பழையபடி எழும். எழுந்த பிறகுதான் தாழ்ப்பாளில் கை வைப்பார். தீவனம் போடப் போனாலும், தண்ணீர்க் குழாய் பார்க்கப் போனாலும், கால் மணி நேரத்தில் மறுபடி போனாலும் இதே கதைதான். தீபாவளியன்று புதுச்சேலை கட்டி வந்தார். அதற்கு மேலும் அந்தக் காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டுதான் உள்ளே போனார். நான் இதைத் தனியாக வாழ்கிற மனுஷியின் கிறுக்கு என்றே நினைத்தேன். ஒரு முறை கேட்டும் விட்டேன்: "கோழிகிட்டச் சொல்லிட்டுத்தான் போகணுமா பெரியம்மா?" அவர் தீவனக் கூடையை இடுப்பில் ஏற்றிக்கொண்டே, "சொல்லாமக் கொள்ளாம உங்க ரூமுக்குள்ள நான் வந்தா நீங்க சும்மா இருப்பீங்ளா?" என்றார். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதில் ஒரு பதில் இருந்தது என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

சின்ன முதலாளி வெளியூரில் படித்துவிட்டு வந்து பொறுப்பை எடுத்துக்கொண்டதும் பண்ணை மாறத் தொடங்கியது. கொட்டகைக்குள் கேமரா வந்தது. சூடு காட்டும் கருவி வந்தது. நல்லதுதான், நானே முன்னால் நின்று மாட்டினேன். அடுத்ததாக, அறுபது தாண்டியவர்கள் வேலைக்கு வேண்டாம், அவர்கள் இடத்துக்குப் புதுப் பையன்கள் வருவார்கள், பட்டியல் எடு என்றார். எல்லோருடைய ஆதார் நகலும் என் அலமாரியில்தான் இருந்தது. பெரியம்மாவின் அட்டையில் வயது அறுபத்தாறு. அது சரியில்லை என்று எனக்குத் தெரியும். அட்டை எடுத்த அன்று பிறந்த தேதி கேட்டிருக்கிறார்கள், இவருக்குத் தெரியவில்லை. "தலை நரச்சிருக்கறதப் பாத்துப்போட்டு அவனே ஒண்ண எழுதிக்கிட்டான் சாமி. எனக்கு நரை சின்னதுலயே வந்துருச்சு. என்ற அக்காளுக்கு எழுதுனவன் இன்னொருத்தன். அவ சாயம் பூசிட்டுப் போனா. இப்ப அட்டைப்படி அவ எனக்குத் தங்கச்சி" என்று அவரே சொல்லி ஆபீஸ் முழுக்கச் சிரிக்க வைத்தது நினைவிருக்கிறது. பட்டியலில் அவர் பெயரை எழுதும்போது அந்தச் சிரிப்பும் நினைவில் இருந்தது. சின்ன முதலாளியிடம், இந்த ஒரு வயது தப்பு சார், என்று ஒரு வாக்கியம் சொல்லியிருக்கலாம். சொன்னால் என்னவாகும் என்ற பயம். வேலை எனக்குப் புதிது. என் குடும்பத்துக்கே நாற்காலியில் உட்கார்ந்து செய்கிற வேலை புதிது. அட்டையில் என்ன இருக்கிறதோ அதுதானே என்று எழுதிவிட்டேன்.

அவரை ஆபீசுக்குக் கூப்பிட்டுச் சொன்னவனும் நான்தான். துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார். அழவில்லை, சத்தம் போடவில்லை. மூன்றாம் கொட்டகையில் அப்போது ஏழு வாரக் குஞ்சுகள் இருந்தன. கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் பார்த்துவிட்டு, "இன்னும் ரெண்டு நாளைக்குப் புதுப் பசங்களோட நின்னு குடுத்துட்டுப் போறனுங்க" என்றார்.

"அவங்களுக்கு எல்லாம் சொல்லிட்டேன் பெரியம்மா. பழகிக்குவாங்க."

"பசங்க பழகிக்குவாங்க சாமி. குஞ்சு பழகோணுமில்ல."

இன்றிலிருந்தே நிறுத்தம் என்று தாளில் இருந்தது. நான் தாளைப் பார்த்தேன். "தேவையில்லைங்க பெரியம்மா" என்றேன். இந்த இரண்டு வார்த்தையை நான் எத்தனை தடவை எனக்குள் திரும்பச் சொல்லிப் பார்த்திருப்பேன் என்று தெரியாது. அவர் கொட்டகைப் பக்கமே போகாமல், ஆபீசிலிருந்து நேராகக் கேட்டை நோக்கி நடந்தார். சட்டை ஆணியிலேயே இருந்தது.

மறுநாள் காலை புதுப் பையன்கள் இருவரும் புதுச் சீருடையில் வந்தார்கள். கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சு நிறம், நெஞ்சில் பளபளக்கும் பட்டை. சின்ன முதலாளி வாங்கி வைத்திருந்தார். இன்றே போடுங்கள் என்று எடுத்துக் கொடுத்தது நான். நல்ல உற்சாகத்தோடு போய்க் கதவைப் படாரென்று திறந்தார்கள். கிழக்கு வெயில் அந்தப் பட்டைகளில் விழுந்து கொட்டகைக்குள் ஓடியது. நான் ஆபீசில் கேமராத் திரையில் பார்த்தேன். தரையெல்லாம் பரவியிருந்த வெள்ளை ஒரே மூச்சில் எதிர் மூலைக்கு உருண்டது. தண்ணீர் ஒரு பக்கமாகச் சரிவது போல இருந்தது. மூலையில் ஒன்றின் மேல் ஒன்று ஏறி, அதன் மேல் இன்னொன்று ஏறி, ஒரு மேடு எழுந்தது. பையன்கள் கலைக்க ஓடினார்கள். ஆரஞ்சு கிட்டே வரவர மேடு இன்னும் உயர்ந்தது. அடியில் இருந்தவை மூச்சு முட்டிச் செத்தன. கூடை கூடையாக அள்ளிக் குழிக்குக் கொண்டு போனோம். கையில் எடுத்தபோது இன்னும் சூடு ஆறவில்லை. அந்தப் பையன்கள் மேல் ஒரு குற்றமும் இல்லை. ஒருவன் குழியோரம் உட்கார்ந்து, "யாராச்சும் சொல்லியிருக்கலாமேண்ணா" என்று என்னிடமே சொன்னான்.

இருபத்திரண்டு வருடத்தில் அவர் கொட்டகையில் அப்படி ஒன்று நடந்ததில்லை. நடக்காத விஷயம் எந்த அறிக்கையிலும் வராது. முட்டையை எண்ணலாம், தீவனத்தை நிறுக்கலாம். ஒருவர் இருப்பதால் நடக்காமல் போனதை எப்படி எண்ணுவது? வயதானவர்களை வேலையில் வைத்திருப்பதை இரக்கமாகவும், நிறுத்துவதை நிர்வாகமாகவும் நினைக்கிறோம். அன்று குழியில் சுண்ணாம்பு தூவிக்கொண்டிருந்தபோது, பெரியம்மாவுக்கு இத்தனை நாள் இரக்கப்பட்டு வேலை கொடுத்தது யார், இரக்கப்பட்டு எங்களைக் காப்பாற்றி வந்தது யார் என்று எனக்கே புரியவில்லை.

சின்ன முதலாளி அன்று மாலையே, "அந்தம்மாவக் கூட்டிட்டு வாங்க" என்றார். ஜேடர்பாளையம் போகும் வழியில் அவர் வீடு. மகன் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியில் வடக்கே போனால் வருடத்துக்கு ஒரு முறை ஊர்த் திருவிழா நோம்பிக்கு வருவான். வீட்டில் அவர் மட்டும்தான். நான் போனபோது டிவி சத்தமாக ஓடிக்கொண்டிருந்தது. அவர் அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். "வாங்க சாமி" என்று மோர் கொண்டுவந்தார். விஷயத்தைச் சொன்னேன். மோர்ச் சொம்பைக் கீழே வைத்துவிட்டார்.

"எந்த மூலைல?"

"மேக்கால மூலை."

"ஆமாங்க. வெளிச்சம் வந்துச்சுன்னா அக்கட்டாலதான் ஓடும்" என்று சொல்லி, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். என் முன்னால் வேலை போனபோது கலங்காத கண் அப்போது கலங்கியது. முதலாளி உங்களை வரச் சொன்னார், நாளைக்கே வாங்க, என்றேன்.

"ஏனுங்க, அட்டைல வயசு கொறஞ்சிருச்சுங்ளா?"

கேட்டுவிட்டு அவர் சிரிக்கவும் இல்லை. "குஞ்சு செத்ததுனால வந்தீங்க. அது ஒண்ணும் ஆகாம இருந்திருந்தா இந்தப் பக்கம் வந்திருப்பீங்ளா சாமி?"

டிவி ஓடிக்கொண்டே இருந்தது. பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். முடியவில்லை.

"நான் ரெண்டே நாள் கேட்டேன்" என்றார். "இந்த ஊட்ல பேசறதுக்குச் செவுருதான் இருக்குது. அங்க வரோணும்னு எனக்கு இல்லைன்னு நெனைக்காதீங்க. ஆனா இனி அந்தக் கேட்டுக்குள்ள வந்தா, என்னைக்கு மறுக்கா அட்டையப் பாப்பீங்களோன்னே நடக்கோணும். அது வேண்டாம். என்ற சட்டைய மட்டும் கொண்டாந்து குடுத்துருங்க." அடுத்த வாரம் கொண்டு வருகிறேன் என்றேன்.

கொண்டு போகவில்லை. சின்ன முதலாளியிடம் சொன்னபோது, "சட்டை இருக்கட்டும், மிச்சக் குஞ்சு அதுக்குத்தான் பழகியிருக்கு" என்றார். அது உண்மையும்தான். ஒரு பையன் அதை மாட்டிக்கொண்டு, வெளியே நின்று, பெரியம்மா மாதிரியே குரல் கொடுத்துவிட்டு உள்ளே போகப் பழகினான். குஞ்சுகள் அடங்கின. ஆரஞ்சுச் சீருடை கிடங்குக்குப் போனது. அந்தக் குஞ்சுகள் வளர்ந்து முட்டைக் கொட்டகைக்குப் போயின. அடுத்த ஈடு குஞ்சுகள் வந்தன. அதற்கும் அதே சட்டை, அதே குரல். ஆளை வேண்டாம் என்று அனுப்பிவிட்டுச் சட்டையை வைத்துக்கொண்ட பண்ணை எங்களுடையது. என் ஜன்னலைக் காலையில் இப்போது யாரும் தாண்டுவதில்லை. சமையல்கட்டுப் பக்கம் சாப்பிட உட்கார்ந்தால் மற்றவர்கள் தட்டை எடுத்துக்கொண்டு வேப்பமரத்தடிக்குப் போகிறார்கள். பட்டியல் எழுதிய கை என்று அவர்களுக்குத் தெரியும்.

போன மாதம் ஊருக்குப் போயிருந்தேன். அப்பாவை மூட்டை தூக்க இப்போது யாரும் கூப்பிடுவதில்லை. சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போது, "உங்க பண்ணையில எனக்கு ஏதாவது வேல இருக்குமாப்பா? சும்மா கேட்டுல உக்கார்ற வேலன்னாலும் செய்வேன்" என்றார். அறுபதுக்கு மேல் எடுப்பதில்லை அப்பா, என்றேன். "அது எந்த மடையன் போட்ட சட்டம்?" என்றார். சட்டம் போட்டது நான் இல்லை என்று சொல்ல வாயெடுத்துவிட்டு, அவருக்குத் துண்டை எடுத்துக் கொடுத்தேன். அவருடைய அட்டையில் என்ன வயது இருக்கிறது என்று நான் இதுவரை எடுத்துப் பார்த்ததில்லை.

இந்த வாரம் மூன்றாம் கொட்டகை காலியாக இருக்கிறது. பழைய ஈடு போய்விட்டது. கழுவிச் சுண்ணாம்பு அடித்துக் காயப்போட்டிருக்கிறோம். புதுக் குஞ்சு திங்கட்கிழமைதான் வரும். வரப்போகும் குஞ்சுகளுக்குக் காக்கியும் தெரியாது, பெரியம்மாவையும் தெரியாது. முதல் நாளிலிருந்து எந்த நிறத்தைக் காட்டினாலும் அதற்குப் பழகிக்கொள்ளும். போன ஈடு வந்தபோதும் இதே நிலைதான், அப்போது கண்டும் காணாமல் இருந்துவிட்டேன். இனி எனக்குச் சொல்லிக்கொள்ள ஒரு சாக்கும் இல்லை. இன்று காலை போய் ஆணியிலிருந்து சட்டையை எடுத்தேன். உள்ளே ஒரு முறை பார்த்துவிட்டு வரலாம் என்று கதவுப் பக்கம் திரும்பியவன், தாழ்ப்பாளைத் தொடாமல் நாலு எட்டு தள்ளி நின்றுவிட்டேன். "வாரேன் சாமி, வாரேன்" என்று என் வாய் தானாகச் சொன்னது. உள்ளே அடங்குவதற்கு எதுவும் இல்லை. ஆனாலும் அவர் நிற்கிற அளவு நேரம் நின்றேன்.

சட்டையைத் துவைத்து, காயவைத்து, மடித்து மேசையில் வைத்திருக்கிறேன். ஊக்கை மட்டும் மாற்றவில்லை. நாளை ஞாயிற்றுக்கிழமை. அவர் வாசலிலும் இப்படித்தான் நாலு எட்டு தள்ளி நின்று குரல் கொடுக்க வேண்டும். அதன் பிறகு கதவு திறக்கிறதா என்று பார்க்க வேண்டும்.