தையற்கடைக்கு வந்த ஆறுமணிக் குருவி

இராத்திரி மழையில் களைத்துப்போன ஓர் ஆறுமணிக் குருவி, இன்று காலை காதர் பாயின் தையற்கடைக்குள் வந்து விழுந்தது. தைத்த சட்டையை வாங்க நான் போயிருந்தேன்.

பச்சை முதுகு, நீலம் தீற்றிய இறக்கை, வாலடியில் சிவப்பு. கடையில் தொங்கிய எந்தத் துணியிலும் அந்த நிறங்கள் இல்லை.

“வெளிய வுட்டா காக்கா கொத்திடும்” என்று பாய் அதைக் கூண்டில் வைத்தார். எதிர்வீட்டார் பிரான்சுக்குக் கப்பல் ஏறியபோது கிளியைப் பறக்கவிட்டு, அவரிடம் கொடுத்துப்போன கூண்டு அது.

விருந்து தொடங்கியது. பாய் நொய் போட்டார். மீன் விற்க வந்த அஞ்சலை கூடையை இறக்கிவிட்டு வாழைப்பழம் உரித்துவைத்தாள். நான் ரொட்டியைப் பாலில் நனைத்து வைத்தேன்.

குருவி எதையும் தொடவில்லை.

“புது எடம், கூச்சமா இருக்கும். சாயங்காலம் ஆறு மணி ஆவட்டும், தானா கத்தும் பாருங்க” என்றார் பாய்.

அதைக் கேட்கவே மாலையில் மறுபடி போனேன். அஞ்சலையும் வந்திருந்தாள். ஆறு மணிக்குக் குரல் கேட்டது. ஆனால் கூண்டிலிருந்து அல்ல, கொல்லையிலிருந்து.

எட்டிப் பார்த்தோம். அதே மாதிரி இன்னொரு குருவி, ஈரச் சருகைக் கிளறிப் புழுவை இழுத்துத் தின்றுகொண்டிருந்தது.

“அய்யய்யோ, இது புழு திங்கறதா?” அஞ்சலை ஒரு புழுவைத் தேடி எடுத்துக்கொண்டு ஓடிவந்தாள்.

கூண்டுக்குள் குருவி காலை நீட்டிக் கிடந்தது.

“நாம என்னா கொறை வெச்சோம்?” என்றார் பாய்.

நொய், பழம், பால்ரொட்டி எல்லாம் வைத்தபடியே இருக்கின்றன. யாருக்காவது பசிக்கிறதா?