வான்தாமின் பெயரில் விழுந்த கோல்

2009 ஆகஸ்ட் 8, சனிக்கிழமை, மாலை ஐந்து நாற்பது. கால்பந்து மைதானத்தின் ஒலிபெருக்கி அறைக்குள் நெடிய இளைஞர் ஒருவர் தலையைக் குனிந்து நுழைந்தார்.

"நீங்கதான் இந்த மைதானத்தோட குரலா?"

"குரல் மட்டும் இல்லப்பா, முழு ஆளும் நான்தான். எலுவா."

"நான் லூதோவிக் வான்தாம், புதுசா வந்த தடுப்பாட்டக்காரன். என் பேரைக் கொஞ்சம் நிதானமா கூப்பிடுங்க. ஜனங்க மூச்சு இழுத்துக்கணும்ல?"

அணியை அறிவிக்கையில் முதற்பெயரை நான் சொல்வேன். குடும்பப்பெயரை அரங்கம் முழங்கும். இது எங்கள் வழக்கம். சுரங்கங்கள் மூடிப்போன எங்கள் வடக்கத்திய ஊரில், அதிகம் கோல் அடிக்காத ஒருவருக்கு அத்தனை பெரிய முழக்கம் எழுந்து நான் கேட்டதில்லை. எட்டு ஆண்டுகளில் அவர் அடித்தவை மூன்று கோல்கள். தடுத்தவற்றை எவரும் எண்ணவில்லை. மூக்கு இருமுறை உடைந்தது. ஆட்டம் முடிந்ததும் உருளைக்கிழங்கு வறுவல் வண்டியின்முன் ரசிகர்களோடு வரிசையில் நிற்பார்.

"முன்னால போ, லூதோ!"

"களத்துலதான் நான் ஆளை மறிப்பேன், இங்க இல்ல."

2017 ஏப்ரலில் நான் பிழை செய்தேன். லீக் பட்டியலில் இரண்டாம் பிரிவிலிருந்து மூன்றாம் பிரிவுக்கு இறங்கிவிடும் நிலையில் இருந்தோம். மூலையிலிருந்து வந்த பந்து, ஒரே சமயத்தில் எழுந்த தலைகளுள் ஏதோவொன்றில் பட்டு எங்கள் வலைக்குள் விழுந்தது. உறுதிப்படுத்திக்கொள்ளாமல் அறிவித்தேன்: "சொந்த வலையில் கோல், லூதோவிக் வான்தாம்." அந்த ஒரு கோலில் தோற்றோம். பந்தைத் தொட்டவர் எதிரணி வீரரே என்றது மறுநாள் வந்த நடுவர் அறிக்கை. அதை யார் படித்தார்கள்?

அடுத்த ஆட்டத்தில் "லூதோவிக்" என்றேன். குடும்பப்பெயர் வரவில்லை, ஏளன விசில் வந்தது. அக்கணமே திருத்தியிருக்க வேண்டும். ஆனால், "இன்னொரு தப்பு வந்தா மைக் வேற ஆளுக்குப் போயிடும்" என்று கழகத் தலைவர் முன்பே எச்சரித்திருந்தார். வாய் திறக்கவில்லை.

லூதோவின் ஒப்பந்தம் மே மாதத்தோடு முடிவதாக இருந்தது. நடைகூடத்தில், என் காதுபடவே, தலைவர் அவரிடம் சொன்னார்: "அரங்கமே விசிலடிச்சு விரட்டுற ஆளுக்கு இன்னொரு வருஷம் எப்படிக் கையெழுத்துப் போடறது?"

லூதோ என்னைப் பார்த்தார்.

கடைசி ஆட்டம். சமன் செய்தால் பிழைப்போம். உடைமாற்றும் அறை வாசலில் அவரைப் பிடித்தேன்.

"இன்னிக்கு மைக்குல உண்மையைச் சொல்லிடறேன்."

"இன்னிக்கா? உங்களுக்கென்ன கிறுக்கா, எலுவா? பசங்க ஏற்கெனவே நடுங்கிட்டிருக்காங்க. ஜனங்க பந்தைப் பாக்கட்டும். அப்புறம் சொல்லிக்கலாம்."

விசில் நடுவே அவர் களமிறங்கினார். எண்பத்தெட்டாம் நிமிடம், எங்கள் கோல் காவலரைக் கடந்து பந்து வலையை நோக்கி உருண்டது. கோட்டின்மேல் விழுந்து புரண்டு, முழங்காலால் அதை வெளியே தள்ளினார் லூதோ. கோலின்றி ஆட்டம் முடிந்தது. மக்கள் வேலியைத் தாண்டி ஓடிவந்தனர். மைக் என் கையில் இருந்தது. தலைவர் வந்து என் தோளில் கைபோட்டு நின்றார். நான் விளம்பரதாரர்களுக்கு ஒவ்வொருவராக நன்றி சொன்னேன்.

பத்து நாளில் லூதோவை விடுவித்தார்கள். பெல்ஜிய எல்லையருகே சிறு கழகமொன்றில் இரண்டு ஆண்டு ஆடி ஓய்வு பெற்றார். என் பிறந்தநாள்தோறும் தொலைபேசியில் அழைக்கிறார். முட்டிவலி எப்படி என்று விசாரிக்கிறார், புதிய தடுப்பாட்டக்காரர்களைக் கிண்டலடிக்கிறார். அந்தக் கோல் அவருடையதல்ல என்று நான் மைக்கில் சொல்லித் தீர்க்கவேண்டிய அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் இதுவரை அவர் என்னிடம் கேட்டதேயில்லை.