கேள்வியை மறந்த கிராணி

அம்மனை நம்பி இதை வாசிக்கிற அனைவருக்கும் மாணிக்கத்தின் வணக்கம். கோயில் திருவிழா மலருக்கு என் அனுபவத்தை எழுதச் சொன்னார்கள். நான் பேச்சாளன் இல்லை, கடையில் கணக்கெழுதிய பழைய கிராணி. நடந்ததை நடந்த வரிசையில் எழுதத்தான் தெரியும். அதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. இது நடந்தபோது எனக்கு ஒன்றுமே விளங்கவில்லை. எழுபது வயதைத் தாண்டிய பிறகும் பாதிதான் விளங்குகிறது. விளங்கிய பாதியைச் சொல்கிறேன்.

ஜப்பான்காரன் வந்து இரண்டாவது வருஷம் அது. எனக்கு இருபத்தாறு வயது. சண்டைக்கு முன்னால் மலாக்கா டவுனில் ரப்பர் வாங்கும் கடை ஒன்றில் கிராணியாக இருந்தேன். என் அப்பா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிப் பால் எடுத்தவர். என் கையில் அந்தக் கத்தி ஏறக்கூடாது என்று எனக்கு இங்கிலீஷ் படிப்புக் கொடுத்தார். நானும் வெள்ளைச் சட்டை, பேனா, ஒரு மேசை என்று கொஞ்சம் மிதப்பாகத்தான் திரிந்தேன். சண்டை வந்தது. கடை மூடியது. படித்த இங்கிலீஷ் ஒரே மாதத்தில் செல்லாமல் போனது. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போல் ஆகிவிட்டது.

அப்போது காஜா பேராங்கில், மலாக்காச் செட்டிகள் குடியிருக்கும் கம்போங் செட்டிக்குப் பக்கத்தில் ஓர் அறையில் குடியிருந்தோம். என் மனைவி பாக்கியம் ஆறு மாதம். வேலை இல்லாத ஆண்களின் பெயரை எழுதி, லாரியில் ஏற்றி, சயாமுக்கு ரயில் பாதை போட அனுப்பிக்கொண்டிருந்தார்கள். போனவர்களில் ஒருவர்கூடத் திரும்பி வந்து நான் பார்க்கவில்லை. லாரிச் சத்தம் கேட்டாலே கதவைச் சாத்திக்கொள்வேன். ஒரு வேலை கிடைத்தால் பிழைப்பேன், இல்லாவிட்டால் லாரிதான்.

தினமும் கோயிலுக்குப் போனேன். "தாயே, எனக்கு ஒரு வேலையைக் காட்டு" என்று மட்டும்தான் கேட்பேன். அவள் பதில் சொன்னால் எப்படி இருக்கும் என்பது எனக்குத் தெரியாது.

அப்போது ஒரு யோசனை வந்தது. இந்தக் காலத்திலும் வேலையோடு இருப்பவர்கள் சிலர் உண்டே, அவர்கள் எப்படி அந்த வேலைக்கு வந்தார்கள் என்று கேட்டால் நமக்கும் வழி தெரியுமே என்று நினைத்தேன். பாக்கியத்திடம் சொன்னேன். அவள் மரவள்ளிக் கிழங்கை உரித்தபடியே, "ஊர்க்கதை கேக்கிறதுக்கு எவனாச்சும் சம்பளம் தர்றானா?" என்றாள்.

முதலில் பொன் வேலை செய்த ஆறுமுகப் பத்தரிடம் போனேன். நகை செய்ய யாரும் வரவில்லை என்று தேங்காயெண்ணெயையும் சாம்பல் தண்ணீரையும் காய்ச்சிச் சோப்பு செய்துகொண்டிருந்தார். பொன் எங்கே, சோப்பு எங்கே என்று கேட்டேன். பொன் உருகும்போது இறக்குகிற நேரம் அவர் கண்ணுக்குத் தெரியுமாம், எண்ணெய் காய்வதும் அதே கணக்குத்தானாம், கண் பழகியிருந்தால் போதும் என்றார். என்னையும் ஒரு நாள் சட்டியருகே உட்கார வைத்தார். கொஞ்சம் இறுகியதும் இறக்கச் சொன்னார். கொஞ்சம் என்றால் எத்தனை நிமிடம் என்று கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். அந்தச் சட்டி அடிபிடித்துப் போனது. சாம்பல் கிடைப்பதே குதிரைக்கொம்பாக இருக்கும்போது இப்படிப் பண்ணிவிட்டாயே என்று தலையில் அடித்துக்கொண்டார்.

அடுத்து எதிர்வீட்டுக் காமாட்சி அம்மாள். கம்போங் செட்டிக்காரர்களுக்குத் தமிழ் அவ்வளவாக வராது, வீட்டில் பேசுவதெல்லாம் மலாய்தான். ஆனால் முன்னோருக்கு இலை போட்டுப் படைப்பதில் அவர்களை மிஞ்ச ஆளில்லை. அந்த அம்மாள் அதுவரை ஒரு பொருளைக்கூட விற்றதில்லை. கணவருக்குச் சம்பளம் நின்றதும் மரவள்ளி மாவில் பலகாரம் அவித்து விற்கத் தொடங்கினார். எப்படித் துணிந்தீர்கள் என்று கேட்டேன். செத்துப்போனவர்களுக்குச் சமைத்துப் பழகிய கை, உயிரோடு இருப்பவர்களுக்குச் சமைக்காதா என்று மலாயில் சொல்லிச் சிரித்தார். எனக்கும் ஒரு கூடை கொடுத்தார். புக்கிட் பாரு வரை நடந்தேன். கூவி விற்க வாய் வரவில்லை. வெள்ளைச் சட்டைக்காரன் எப்படிக் கூவுவான்? கொண்டுபோனதை அப்படியே திருப்பிக் கொண்டுவந்தேன். "தா அப்பா லா" என்று, அதாவது பரவாயில்லை என்று, அந்த அம்மாள் சமாதானம் சொன்னதுதான் இன்னும் சங்கடமாக இருந்தது.

மாட்டுவண்டிக்காரர் சுப்பனும் ஒரு கதை சொன்னார். முன்னே அவர் லாரி ஓட்டியவர். பெட்ரோல் இல்லாமல் போனதும் மாடு வாங்கிவிட்டார். செங் என்ற ஊர்ப்பக்கம் சாமான் இறக்கிவிட்டுத் திரும்பும்போது வண்டி காலியாகத்தான் வருகிறது என்பது அவருடைய குறை. அவருடைய மாடு என்னைப் பார்த்த பார்வையிலேயே எனக்கும் அதற்கும் ஒத்துவராது என்று தெரிந்துவிட்டது.

எல்லாருடைய கதையும் கேட்கும்போது நியாயமாக இருந்தது. எனக்கு மட்டும் எதுவும் பொருந்தவில்லை. ஒவ்வொருவர் பேச்சையும் கேட்டுக் கேட்டு இருந்த கொஞ்ச நஞ்சத் தெளிவும் போய்விட்டது. "தாயே, வழி கேட்டால் இப்படி நாலு பக்கமும் இழுக்கிறாயே" என்று ஒரு நாள் சன்னிதியில் கோபித்துக்கொண்டு வந்தேன்.

அந்த வாரமே எங்கள் வட்டாரத் தலைவர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். ஜப்பான்காரர்கள் நியமித்த தமிழர் அவர். பெயர் வேண்டாம், குடும்பம் இருக்கிறது. "மாணிக்கம், நீ எழுதத் தெரிஞ்சவன். வீடு வீடாப் போயி வேலை இல்லாத ஆம்பிளைங்க பேரை எழுதிக் குடு. மாசம் அரிசி வரும். உன் பேரு லிஸ்ட்டுல வராது" என்றார். அடுத்த திங்கட்கிழமை பட்டியல் வேண்டுமாம்.

பாக்கியம் கையெடுத்துக் கும்பிட்டாள். "அம்மன் கண்ணத் தொறந்துட்டா. கேட்டது வேலைதான? இதோ வந்திருச்சி. இன்னும் என்ன யோசனை?" என்றாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன். வயிற்றில் பிள்ளை. ஆனால் எனக்குக் கும்பிட வரவில்லை. பேனா, நோட்டு, அரிசி, நான் கேட்ட எல்லாமே இருந்தது. நான் எழுதுகிற ஒவ்வொரு பெயருக்கும் லாரியில் ஓர் இடம் என்பதும் இருந்தது. இது அம்மன் கொடுத்ததா, அம்மன் பெயரைச் சொல்லி நானே எடுத்துக்கொள்வதா என்று பிரித்துப் பார்க்க எனக்குத் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை பூக்கட்டிப் பார்க்கப் போனேன். இளையவர்களுக்காகச் சொல்கிறேன். வெள்ளைப் பூ ஒன்று, சிவப்புப் பூ ஒன்று, இரண்டையும் தனித்தனியாக இலையில் மடித்து அம்மன் காலடியில் போட வேண்டும். வெள்ளை வந்தால் இன்னது, சிவப்பு வந்தால் இன்னது என்று முன்கூட்டியே மனத்தில் நினைத்துக்கொள்ள வேண்டும். ஒரு சின்னப் பிள்ளை வந்து ஒன்றை எடுக்கும். அதுதான் அம்மன் வாக்கு. ஒரு காரியத்துக்கு ஒரு தடவைதான் கேட்கலாம்.

காமாட்சி அம்மாளின் பேத்தி எடுத்தாள். கோயில் பண்டாரம் இலையைப் பிரித்தார். சிவப்பு.

நான் பேந்தப் பேந்த விழித்தேன். சிவப்பு என்றால் என்ன? வேலையை ஏற்றுக்கொள் என்பதா, வேண்டாம் என்பதா? மூன்று நாள் தூங்காத மூளை. பூவை மடிக்கும்போது ஒரு விதமாக நினைத்தேன், காலடியில் வைக்கும்போது பயந்துபோய் மாற்றி நினைத்தேன், அப்புறம் மறுபடியும் மாற்றினேனா இல்லையா என்று சத்தியமாக நினைவில்லை. பண்டாரத்திடம் சொன்னேன். அவர் சிரிப்பதா திட்டுவதா என்று தெரியாமல், "கேட்டது என்னான்னு உனக்கே தெரியலன்னா நான் என்னப்பா பண்றது?" என்று விபூதி கொடுத்து அனுப்பிவிட்டார். வெளியே வந்து அழுதேன். இத்தனை பேர் வாழ்வு சாவு விஷயத்தில் இப்படியும் ஒருவன் கோட்டை விடுவானா? என் மேலேயே எனக்கு அருவருப்பு வந்தது.

ஏற்கவும் துணிவில்லை, மறுக்கவும் துணிவில்லை. சனிக்கிழமை நோட்டை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனேன். முதல் வீட்டில் ஒரு தச்சர். ஆணி கிடைப்பதில்லை, அதனால் வேலை இல்லை என்றார். "வேலை இல்லை" என்று எழுதப் பேனாவை வைத்தேன். கை ஓடவில்லை.

எங்கள் ரப்பர் கடையில் ஒரு முறை உண்டு. எந்தச் சரக்கு வந்தாலும் அது எங்கிருந்து வந்தது, என்ன தரம், எங்கே போகிறது என்று மூன்றையும் எழுதியாக வேண்டும். மரப்பட்டையில் காய்ந்து கிடக்கும் ஒட்டுப்பாலுக்கும் ஒரு தரம் உண்டு, அதற்கும் ஒரு குடோன் உண்டு. உதவாதது என்று எழுத அந்தப் பேரேட்டில் இடமே கிடையாது. பழக்கதோஷம், தச்சரைப் பார்த்து, "அதுக்கு முன்னால என்னண்ணே செஞ்சீங்க?" என்று கேட்டேன். ஆணி இல்லாமல் மரமுளை அடித்துப் பெட்டி செய்து பழகியவராம். எழுதிக்கொண்டேன்.

அடுத்தவர் ஒரு துரை வீட்டில் சமையல்காரராக இருந்தவர். துரை ஜெயிலில். அதற்கு முன்னால்? தென்னை மரம் ஏறியிருக்கிறார். எழுதிக்கொண்டேன். இப்படியே ஞாயிறு காலை வரை போனது. ஒவ்வொருவரும் தன் கதையைச் சொல்லும்போது கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தார். வேலை இல்லாதவர்கள் மொத்தம் பதினோரு பேர்.

ஞாயிறு மதியம் கோயில் வாசலில் உட்கார்ந்து நோட்டைப் புரட்டினேன். காமாட்சி அம்மாளின் அடுப்பு எதிரே புகைந்துகொண்டிருந்தது. தேங்காய் மட்டை எரித்த சாம்பலை அவர் மகள் சாக்கடையில் கொட்டினாள். நான் எழுந்தே நின்றுவிட்டேன். அங்கே பத்தர் சாம்பலுக்கு அலைகிறார், இங்கே சாம்பல் சாக்கடைக்குப் போகிறது. செங் பக்கமிருந்து சுப்பனின் வண்டி காலியாகத் திரும்புகிறது, அங்கே எத்தனை தோப்பு, எத்தனை அடுப்பு. சோப்பு ஊற்ற அச்சுப்பெட்டி வேண்டும், அதற்கு ஆணி வேண்டாத தச்சர் இருக்கிறார். தேங்காய் பறிக்கச் சமையல்காரர் இருக்கிறார். இவர்கள் கதை ஒன்றாகச் சேர்ந்து என் ஒருவனுக்கு மட்டும்தான் தெரியும்.

பொழுது சாய்வதற்குள் எல்லா வீட்டுக்கும் மறுபடி ஓடினேன். பத்தர் முதலில் நம்பவில்லை. அடிபிடித்த சட்டியை ஞாபகப்படுத்தினார். சட்டிப் பக்கமே வரமாட்டேன் என்று வாக்குக் கொடுத்த பிறகுதான் ஒப்புக்கொண்டார். காமாட்சி அம்மாளுக்குக் கிழங்கு சீவ இரண்டு பேர், சாம்பல் சேர்க்க மூன்று பேர் என்று பதினோரு பேருக்கும் ஓர் இடம் அமைந்தது.

திங்கட்கிழமை நோட்டை வட்டாரத் தலைவரிடம் கொடுத்தேன். சந்தேகப்பட்டால் காட்டலாம் என்று பத்தரையும் சோப்போடு கூட்டிப்போய் வாசலில் நிற்க வைத்திருந்தேன். தலைவர் பக்கம் பக்கமாகப் புரட்டினார். ஒவ்வொரு பெயருக்கு எதிரிலும் ஒரு வேலை.

"ஒருத்தன்கூட சும்மா இல்லையா?"

"இல்லைங்கய்யா."

அவர் நோட்டை மூடினார். "அப்போ லிஸ்ட்டே இல்ல. லிஸ்ட்டு இல்லன்னா லிஸ்ட்டு எழுதற ஆளு எதுக்கு? வேலை இல்லாதவன் ஒருத்தன் இருக்கான். நீதான். எழுது உன் பேரை."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. பதினோரு பேருக்கும் தேடினேன், எனக்கென்று ஒன்றும் எழுதிக்கொள்ளவில்லை. அவர் சொன்னதிலும் தப்பில்லையே? நோட்டை வாங்கி என் பெயரை என் கையாலேயே எழுதினேன். பாக்கியத்தின் முகம் கண்ணுக்குள் வந்தது. எழுத்து கோணலாகிவிட்டது.

வாசலில் நின்ற பத்தர் உள்ளே வந்தார். மேசைமேல் சோப்பை வைத்தார். "ஐயா, இவரக் கொண்டு போனா மத்தப் பதினோரு பேரையும் சேத்துத்தான் கொண்டு போவணும். சாம்ப எங்க இருக்கு, வண்டி எங்க போவுது, யாரு கைக்கு எது வரும்னு இவருக்குத்தான் தெரியும். எங்களுக்கு அவுங்கவுங்க வேலைதான் தெரியும். இவரு எங்க கிராணி."

வட்டாரத் தலைவர் சோப்பை எடுத்து முகர்ந்து பார்த்தார். அவரும் மனிதர்தானே, சோப்பைப் பார்த்து எத்தனை மாதமோ. ஜப்பான்காரர் ஆபீசுக்கு இதைக் கொடுக்க முடியுமா என்று கேட்டார். முடியும் என்றார் பத்தர். தலைவர் பென்சிலை எடுத்து என் பெயருக்கு எதிரே "சோப்புப் பட்டறைக் கிராணி" என்று அவரே எழுதினார். வீட்டுக்கு வந்து சொன்னபோது பாக்கியம் முதலில் அழுதாள், பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஊர்க்கதை கேக்கிறதுக்கும் சம்பளம் உண்டுன்னு யாரு கண்டா?" என்றாள்.

சண்டை முடியும்வரை அந்தப் பதினோரு பேரில் ஒருவரும் சயாமுக்குப் போகவில்லை. எங்களுக்குப் பெண் குழந்தை பிறந்தது, முத்துமாரி என்று பெயர் வைத்தோம். ஆனால் பக்கத்து வட்டாரங்களிலிருந்து லாரிகள் போய்க்கொண்டுதான் இருந்தன. அவர்களும் அம்மனைக் கும்பிட்டவர்கள்தானே, அவர்களுக்கு ஏன் இல்லை? இதைப் பல தடவை சன்னிதியில் கேட்டுவிட்டேன். எனக்குப் பதில் தெரியாது. தெரிந்த மாதிரி எழுதினால் அது பொய்.

வெள்ளைக்காரன் திரும்பி வந்து ரப்பர் கடையும் திறந்தது, என்னைக் கூப்பிட்டார்கள். ஒரு மாதம் போனேன். மனம் ஒட்டவில்லை. வேலை தேடித் தோட்டத்திலிருந்து டவுனுக்கு வருகிறவர்களை உட்கார வைத்து, "அதுக்கு முன்னால என்ன செஞ்சீங்க?" என்று கேட்டு, பொருந்துகிற வேலையோடு சேர்த்து வைப்பதில்தான் என் உயிர் இருந்தது. அதையே செய்தேன். எத்தனை நோட்டு நிரம்பியது என்று எண்ணவில்லை.

சிவப்புப் பூவுக்கு நான் என்ன நினைத்தேன் என்பது இன்றுவரை ஞாபகம் வரவில்லை. வருஷா வருஷம் திருவிழாவுக்கு வெள்ளையும் சிவப்புமாக இரண்டு பூவும் வாங்கிக்கொண்டுதான் போகிறேன். நான் கேட்ட கேள்வி எனக்கு மறந்துபோயிற்று. அவளுக்கு மறக்கவில்லை.

வழி தெரியாமல் நிற்கிற பிள்ளைகளே, குழப்பம் தீரட்டும், பிறகு போகலாம் என்று காத்திருக்காதீர்கள். குழப்பத்தோடேயே அம்மனிடம் வாருங்கள், சரியாகக் கேட்கத் தெரியாவிட்டாலும் கேளுங்கள். வெளியே வந்ததும் பக்கத்தில் நிற்கிறவரிடம் அவர் கதையைக் கேளுங்கள். வெள்ளிக்கிழமைகளில் நான் கோயில் வாசலில்தான் இருப்பேன், நோட்டும் கையில் இருக்கும்.