கேள்வியில் இல்லாத பிள்ளைகள்

1. முதல் பாடம்

சட்டசபையில் ஒரு மெம்பர் எழுந்து கேள்வி கேட்பார். மந்திரி எழுந்து பதில் சொல்வார். மறுநாள் பத்திரிகையில் இரண்டு பேர் பெயரும் வரும். அந்தப் பதிலை எழுதியவன் பெயர் எங்கேயும் வராது. நாற்பதுகளில் அப்படிப் பெயர் வராத ஆசாமிகளில் நானும் ஒருவன். கல்வி சம்பந்தமான கேள்விகளுக்குப் பதில் தயாரிக்கும் செக்ஷனில் அசிஸ்டெண்ட். பெயர் ஞானப்பிரகாசம். வீடு சாந்தோம்.

வேலையில் சேர்ந்த அன்று, உட்கார நாற்காலி காட்டுவதற்கு முன்பே சூப்பரிண்டெண்ட் வைத்தியநாதன் ஒரு கேள்வித் தாளை என்னிடம் நீட்டினார். மயிலாப்பூர்க்காரர். மூக்குப்பொடி வாசனையும் இஸ்திரி போட்ட கோட்டுமாக இருப்பார்.

"படிச்சேளா? என்ன புரியறது?"

"ஜில்லாவுல எத்தனை ஹைஸ்கூல் இருக்குன்னு கேக்கறார், சார்."

"அது எனக்கும் தெரியறது. ஏன் கேக்கறார்? யார் கேக்கச் சொன்னா? கேள்வியை அப்பறம் படிச்சுக்கலாம். மொதல்ல கேட்டவனைப் படியுங்கோ."

அதுதான் எனக்குக் கிடைத்த ட்ரெயினிங். மற்றதெல்லாம் பார்த்துப் பார்த்துப் பழகியது. கேள்வி (அ), (ஆ), (இ) என்று பிரிந்து வரும். எதைக் கேட்டிருக்கிறார்களோ அதற்கு மட்டும் பதில். ஒரு சொல் கூடினால் அதைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கேள்வி வரும். முடிந்தால் (அ)வுக்கு 'இல்லை' என்று சொல்லி, '(ஆ) கேள்வி எழவில்லை' என்று எழுதிவிட வேண்டும். ஒன்றுமே முடியாவிட்டால் இருக்கவே இருக்கிறது, 'தகவல் சேகரிக்கப்பட்டு வருகிறது'. சேகரித்து முடிந்ததாக நான் பார்த்ததில்லை.

பதிலோடு இன்னொரு காகிதமும் போகும். சப்ளிமெண்டரி நோட் என்போம். மெம்பர் மேற்கொண்டு என்ன கேட்பார், மந்திரி அதற்கு என்ன சொல்லலாம் என்று முன்கூட்டியே யோசித்து எழுதுவது. அது சபைக்கு வராது, மந்திரி கையில் மட்டும் இருக்கும். அதை எழுதுவதில் நான் கெட்டிக்காரன் என்று பெயர் எடுத்தேன். கெட்டிக்காரத்தனம் வேறொன்றும் இல்லை, சந்தேகம்தான். அடுத்த செக்ஷன் குமாஸ்தா தீப்பெட்டி கேட்டு வந்தால்கூட மேஜைமேல் இருக்கும் ஃபைலைக் கவிழ்த்து வைக்கிற ஆபீஸ் அது. எனக்கு அந்தக் காற்று நன்றாக ஒத்துக்கொண்டது.

2. நூல், தீவனம், பள்ளிக்கூடம்

சுதந்திரம் வந்த மறு வருஷம் என்று ஞாபகம். சேலம் பக்கத்து மெம்பர் ஒருவர், ஆளும் கட்சிக்காரர், ஒரே நாளில் மூன்று கேள்வி கொடுத்திருந்தார். ஒன்று, கைத்தறிக்காரர்களுக்கு நூல் ஏன் சரியாகக் கிடைக்கவில்லை. இரண்டாவது, மழை பொய்த்த தாலுகாவில் மாட்டுத் தீவனத்துக்கு என்ன உதவி. இரண்டும் வேறு இலாகாக்களுக்குப் போயின. மூன்றாவது எங்கள் தலையில் விழுந்தது.

'சென்னையில் சாந்தோமுக்குத் தெற்கே உள்ள மீனவர் குப்பத்து ஆரம்பப் பள்ளிக்கு (அ) கிராண்ட் நிறுத்தப்பட்டது உண்மையா, (ஆ) உண்மையானால் காரணம் என்ன, (இ) அதிகாரி நேரில் பார்வையிட்டாரா, அன்று பிள்ளைகள் இருந்தார்களா?'

ஃபைலை வரவழைத்தேன். பார்வையிட்ட அதிகாரி நாலு வரி எழுதியிருந்தார். தாம் போனபோது பிள்ளைகள் ஒருவர்கூட இல்லை, பள்ளி பெயரளவில் நடப்பதாகத் தெரிகிறது. அதன் பேரில் சர்க்கார் கொடுத்துவந்த கிராண்ட் பணம் நின்றது. அடியில் பள்ளி வாத்தியார் மாசிலாமணியின் மனு. அன்று பெரிய மீன்கூட்டம் வந்ததால் கரைவலை இழுக்கக் குப்பமே கடலோரம் போய்விட்டது. அப்படிப்பட்ட நாளில் பிள்ளைகளும் கயிறு பிடிக்கப் போவது அங்கே வழக்கம். தயவுசெய்து இன்னொரு நாள் வந்து பார்க்க வேண்டும். கிராண்ட் வராவிட்டால் இரண்டு மாதத்தில் பள்ளியை மூடத்தான் வேண்டும். மனுவின் மூலையில் யாரோ 'பார்த்தேன்' என்று எழுதிக் கட்டி வைத்திருந்தார்கள்.

வைத்தியநாதனுக்கு மனுவில் அக்கறை இல்லை. "சேலத்துக்காரனுக்கு நம்மூர்க் குப்பத்துல என்ன வேலை? மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடறான். ஃபைல்ல இருக்கறது அவனுக்கு எப்படித் தெரிஞ்சுது? யாரோ உள்ளேர்ந்து சொல்லியிருக்கா." பொடி டப்பியைத் தட்டிக்கொண்டே என்னைப் பார்த்தார். "செக்ஷன்ல அந்தப் பக்கம் குடியிருக்கறது நீங்க ஒருத்தர்தான், இல்லையா?"

"சார், நான் அந்தக் குப்பத்துப் பக்கமே போனதில்லை."

"அப்போ போய்ட்டு வாங்கோ. காத்து வாங்கப் போறாப்ல போங்கோ. அந்த வாத்தியார் யாரைப் பிடிச்சுண்டு இருக்கான்னு மட்டும் தெரிஞ்சுண்டு வாங்கோ. ஆர்டர் கீர்டர் ஒண்ணும் கிடையாது."

3. குப்பத்தில் ஒரு காலை

மறுநாள் காலை பத்து மணி சுமாருக்குப் போனேன். மணலில் செருப்பு புதைந்தது. ஓலைக் கொட்டகையிலிருந்து வாய்ப்பாடு கேட்டது. அதன் எதிரே ஒரு அம்மாள் கூடையில் மீனைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தார். கன்னியம்மா என்று யாரோ கூப்பிட்டார்கள்.

"இன்னா சாரு, யாரப் பாக்கணும்?"

"மீன் வாங்கலாம்னு வந்தேன்மா."

"மீன் வாங்க வந்தவரு பை கொண்டாரலியே? கோட்டுப் பாக்கெட்ல போட்டுக்கினு போவியா?" என் செருப்பிலிருந்து தலைவரை ஒரு பார்வை. "நீ கெவருமெண்டு ஆளு. அன்னிக்கும் இப்டித்தான் ஒர்த்தரு வந்தாரு. நாங்க வலை இஸ்துக்கினு கீறோம். பசங்களும் கயித்தப் புட்ச்சிக்கினு நிக்குதுங்க. அவரு கொட்டாயில எட்டிப் பாத்தாரு, எழுதினாரு, பூட்டாரு. இந்தாண்ட நாலு எட்டு வச்சிருந்தா அத்தினி பசங்களும் கண்ணுல பட்டிருக்கும். ஈர மணல்ல பூட்ஸு நனைஞ்சிடுமாம்."

கொட்டகையின் பக்கவாட்டு ஓலைச் சந்து வழியே உள்ளே பார்த்தேன். பழக்கதோஷம், எண்ண ஆரம்பித்துவிட்டேன். முப்பத்தெட்டு பிள்ளைகள். அதில் பதினொரு பேர் பெண்கள். கடைசி வரிசையில் ஒரு பெண் இடுப்பில் தம்பியை வைத்துக்கொண்டே சிலேட்டில் எழுதினாள். தம்பியைக் கணக்கில் சேர்க்கவில்லை.

வாத்தியார் வெளியே வந்தார். என் வயதுதான் இருக்கும். சட்டையில் இரண்டு பித்தான் இல்லை.

"யாரு சார் நீங்க?"

"பக்கத்துத் தெருதான். சும்மா..."

"பக்கத்துத் தெருக்காரங்க யாரும் இங்க வந்து பிள்ளைங்கள எண்ண மாட்டாங்க, சார்."

மாட்டிக்கொண்ட கோபத்தில் நேரடியாகவே கேட்டுவிட்டேன். "சேலம் மெம்பர் உங்களுக்கு எப்படிப் பழக்கம்?"

"எந்த மெம்பரு?"

அந்த முகத்தை இன்றைக்கும் நினைத்துப் பார்க்கிறேன். நிஜமாகவே ஒன்றும் தெரியாத முகம். அன்று எனக்கு அது கைதேர்ந்த நடிப்பாகப் பட்டது. இவ்வளவு சுத்தமாக முழிக்கிறவன் பெரிய புள்ளியைப் பிடித்திருக்கிறான் என்று முடிவு கட்டினேன்.

அவர் உள்ளே போய் ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்து வந்தார். பார்வையாளர் புத்தகம். "நீங்க யாரா இருந்தாலும் சரி, சார். பிள்ளைங்க இருக்காங்கன்னு கண்ணால பாத்துட்டீங்க. அத ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டுப் போங்க. எனக்கு அது போதும்."

என்னைச் சிக்கவைக்கப் பார்க்கிறான் என்று தோன்றியது. நாளைக்கு அந்தக் கையெழுத்து சபையில் வந்து நின்றால்? "பேனா கொண்டு வரலை" என்றேன். அவர் தன் பேனாவை நீட்டினார். ஆபீசுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லி நடையைக் கட்டினேன். ஆபீஸ் என்று வாயால் சொன்னதைப் பாதி வழியில்தான் உணர்ந்தேன்.

4. ஒரு சொல் கூடாத பதில்

டிராஃப்ட் அன்று மத்தியானமே முடிந்தது. (அ) ஆம். (ஆ) பார்வையிட்ட நாளில் பள்ளியில் பிள்ளைகள் இல்லாமையால். (இ) அதிகாரி நேரில் பார்வையிட்டார். அன்று பிள்ளைகள் யாரும் இல்லை.

சப்ளிமெண்டரி நோட்டில், வலை இழுக்கப் போனதாக வாத்தியார் கூறுவது பிற்பாடு சொன்ன சமாதானம், சரிபார்க்கப்படவில்லை என்று எழுதினேன். ஆசிரியருக்கு வெளி ஆதரவு இருப்பதாகத் தெரிகிறது என்று ஒரு வரி சேர்த்தேன். முப்பத்தெட்டு பிள்ளைகளைப் பற்றி எழுதவில்லை. கேள்வி பார்வையிட்ட நாளைப் பற்றியது. நான் போன நாளைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

"ஜோரா இருக்கு. ஊசி நுழைய எடமில்லை" என்றார் வைத்தியநாதன். என் மேல் இருந்த சந்தேகம் தீர்ந்தது என்று நிம்மதியாகத் தூங்கினேன்.

சபையில் அதிகாரிகள் உட்காரும் இடத்தில் பின்வரிசையில் நானும் இருந்தேன். மந்திரி பதிலைப் படித்தார். சேலம் மெம்பர் உடனே எழுந்தார். "அன்றைக்குப் பிள்ளைகள் கரைவலை இழுக்கப் போயிருந்ததும், மற்ற நாட்களில் பள்ளி ஒழுங்காக நடப்பதும் கனம் மந்திரி அவர்களுக்குத் தெரியுமா?"

மந்திரி என் நோட்டை எடுத்தார். முதல் பக்கம், இரண்டாம் பக்கம், மறுபடி முதல் பக்கம். ஏதோ அதில் இருக்க வேண்டியதைத் தேடுகிறவர் போலத் தேடினார். பிறகு, "அப்படித் தகவல் இல்லை" என்று சொல்லி உட்கார்ந்தார். மெம்பர் ஒரு நொடி மந்திரியையே பார்த்துக்கொண்டு நின்றார். அவரும் உட்கார்ந்துவிட்டார். சபாநாயகர் அடுத்த கேள்வியைக் கூப்பிட்டார். எனக்குள் சந்தோஷம்.

5. மந்திரியின் அறை

சாயங்காலம் எங்கள் இரண்டு பேருக்கும் அழைப்பு வந்தது. பாராட்டுக்காக இருக்கும் என்று வைத்தியநாதன் கோட்டை உதறிப் போட்டுக்கொண்டார்.

மந்திரி உட்காரச் சொல்லவில்லை. என் நோட்டை மேஜையில் வைத்தார்.

"வெளி ஆதரவுன்னு எழுதியிருக்கே, அது யாரு?"

"அந்த மெம்பராத்தான் இருக்கும்னு..." என்று இழுத்தார் வைத்தியநாதன்.

"அவரைக் கேக்கச் சொன்னதே நான்தான்."

அவரே தொடர்ந்தார். "குப்பத்துப் பக்கத்துக் கட்சி ஊழியர் ஒருத்தர் எங்கிட்ட வந்து சொன்னார். வலை இழுத்த அன்னிக்குப் பாத்துட்டு மூடறாங்கன்னு. அதிகாரி ரிப்போர்ட் பள்ளிக்கு எதிரா இருக்கறப்ப, அவன் சொன்னான் இவன் சொன்னான்னு நான் கிராண்ட் குடுக்க முடியுமா? நிதி இலாகா சும்மா விடுமா? சபையில கேள்வி வந்தா, பதில் எழுதறவங்க யாராவது போய்ப் பாப்பாங்க, பாத்தது நோட்டுல வரும், அதைக் கையில வச்சுக்கிட்டு அங்கேயே 'தரோம்'னு சொல்லிடலாம்னு இருந்தேன்." நோட்டைத் தட்டினார். "உங்கள்ல ஒருத்தர்கூடப் போய்ப் பாக்கலையா?"

வைத்தியநாதன் தரையைப் பார்த்தார். எனக்கு அவர் மேல் பயம், மந்திரி மேல் பயம், எல்லாவற்றுக்கும் மேலாக வெட்கம்.

"நான் போனேன், சார்."

"போனீங்களா? பிள்ளைங்க இருந்தாங்களா?"

"முப்பத்தெட்டு பேர் இருந்தாங்க, சார்."

"ஏன் எழுதலை?"

"கேள்வியில அது கேக்கலை, சார்."

அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கதர்த் துண்டால் வெகுநேரம் துடைத்தார். "காலையில 'தகவல் இல்லை'ன்னு சபையில சொல்லிட்டேன். நாளைக்கே போய் 'இருக்கு'ன்னா, எங்கேர்ந்து வந்துதுன்னு கேப்பாங்க. எங்க ஆளே பாத்துட்டு எழுதாம விட்டார்னு சொல்லவா? இப்பவாவது கண்டதை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. மறுபடி பார்வையிடச் சொல்லி முறையா அனுப்பறேன்."

வெளியே வந்ததும் வைத்தியநாதன் மெதுவாகச் சொன்னார். "நான் அனுப்பினேன்னு எழுதாதீங்கோ. நீங்களாத்தான் போனேள்." அப்படியே எழுதினேன். அதன் பிறகு அவர் என்னை நம்பவே இல்லை.

6. முறையாக

முறையாக என்றால் என்ன என்று இந்த வேலைக்கு வரும் இளைஞர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, வந்த மறுவாரமே புரிந்துவிடும். என் குறிப்பு எங்கள் செக்ஷனிலிருந்து மேலே போய், அங்கிருந்து வேறு ஆபீசுக்கு இறங்கி, 'தங்கள் கருத்தைத் தெரிவிக்கவும்' என்று பழைய அதிகாரியிடமே போய்ச் சேர்ந்தது. அவர் தம் கருத்தைத் தெரிவிக்க மூன்று மாதம் எடுத்துக்கொண்டார். பிறகு வேறொருவரைப் போகச் சொல்லி உத்தரவு வந்தது. அதற்குள் மழைக்காலம்.

நான் கற்றுக்கொண்டது இவ்வளவுதான். யார் கேட்கிறார், யார் தூண்டுகிறார் என்று துருவினேனே தவிர, கேட்பது உண்மையா என்று ஒரு நிமிஷம் யோசிக்கவில்லை. உண்மை கண்ணெதிரே உட்கார்ந்து வாய்ப்பாடு சொன்னபோதும் அதை எண்ணிவிட்டுத் திரும்பி வந்தேன். சந்தேகப்படுவது இந்தத் தொழிலுக்கு வேண்டியதுதான். ஆனால் ஃபைலில் இருக்கும் நாலு வரியை அல்லவா நான் முதலில் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்?

வருஷக் கடைசியில் புதிய அதிகாரியின் அறிக்கை வந்தது. 'நேரில் பார்வையிட்டேன். பிள்ளைகள் ஒருவர்கூட இல்லை.' நம்பாமல் நானே போனேன். கொட்டகைக்குள் யாரோ வலையும் கட்டுமரக் கட்டைகளும் அடுக்கியிருந்தார்கள். மாசிலாமணி கோடம்பாக்கத்தில் ஒரு ஸ்டுடியோவில் சாமான் அறையைப் பார்த்துக்கொள்ளப் போய்விட்டார். பெரிய பையன்கள் கடலுக்குப் போயிருந்தார்கள். பெண் பிள்ளைகள் தாய்மாரோடு தெருத் தெருவாக மீன் விற்கப் போயிருந்தார்கள்.

ஆபீசுக்கு வந்து அந்த ஃபைலில் கடைசிக் குறிப்பை நானேதான் எழுத வேண்டியிருந்தது. 'பள்ளி நடைபெறவில்லை. கிராண்ட் பற்றிய கேள்வி எழவில்லை.' அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அதற்கு முன் நான் எழுதிய பதிலிலும் இல்லை.