கிடானேயின் ஃபியட்

எரித்ரியாவின் தலைநகரான அஸ்மாராவில், மெதெபெர் பட்டறைச் சந்தையில் இயோபைத் தெரியாதவர் இல்லை. இத்தாலியர்கள் விட்டுப்போன கார்கள் அந்த ஊரில் இன்னும் ஓடுகின்றன, உதிரிபாகம்தான் எங்கும் கிடைப்பதில்லை. உடைந்த பிஸ்டன்களை உருக்கிப் புதுப் பிஸ்டன் வார்ப்பார் இயோப். போர்க்காலத்துக் குண்டு உறையின் பித்தளையைக் கடைந்து, தண்டு சுழலும் புஷ் வளையம் செய்வார். ஐம்பத்தொரு வயது வரை பேய்க்கதை எதையும் காதில் போட்டுக்கொண்டதில்லை.

பக்கத்துக் கடையில் தகரம் அடிக்கும் ஸெராய் ஒருமுறை கிண்டலாகக் கேட்டான்: "செத்த எஞ்சினுக்கெல்லாம் உசிரு குடுக்கிறியே, ராத்திரி எழுந்து வந்து நன்றி சொல்லுதா?"

"எங்க! செத்தும் பெட்ரோல்தான் கேக்குது" என்றார் இயோப்.

அந்த ஜனவரியில் லெம்லெம் என்ற முதிய பெண்மணி வந்து கூப்பிட்டார். வெள்ளை நெத்செலாச் சால்வையைத் தலையோடு போர்த்தியிருந்தார். நாற்பது வருடமாகப் பூட்டியிருக்கும் ஃபியட் 1100 ஒன்று வீட்டில் இருக்கிறதாம்.

"என் அண்ணன் கிடானேயோட வண்டி மகனே. ஒரு நாள் காலைல மஸாவா துறைமுகத்துக்குப் போறேன்னு கெளம்பினான். மலைப்பாதை வளைவுல வண்டி மட்டும் நின்னுச்சு, எஞ்சின் ஓடிக்கிட்டே. உள்ள அவன் இல்ல. அப்பா வண்டியக் கட்டி இழுத்துக்கிட்டு வந்து, ஒரு சாமானக் கழட்டிக் கெணத்துல போட்டுட்டாரு. இனி இது யாரையும் கொண்டுபோகக் கூடாதுன்னு."

"இப்ப எதுக்கு அம்மா?"

"சாகறதுக்குள்ள ஒரு தடவ அந்தச் சத்தத்தக் கேக்கணும்."

கார் நின்ற கொட்டகையின் பூட்டு துருவேறி இறுகியிருந்தது. இயோப் உளியால் வெட்டித் திறந்தார். காரின் மேல் விரல் கனத்துக்குத் தூசி; டயர்கள் தரையோடு சப்பிக் கிடந்தன. கிணற்றுக்குப் போனது ரோட்டர் என்று பார்த்ததும் தெரிந்தது. மின்பொறியை நான்கு சிலிண்டர்களுக்கும் பங்கிட்டுக் கொடுக்கும், கட்டைவிரல் அளவே உள்ள பாகம். பிறகு எண்ணெய் அளவுக் கம்பியை உருவினார். தார் மாதிரி இருக்க வேண்டிய எண்ணெய் தேன் நிறத்தில் சொட்டியது.

"இத யாரு மாத்தினது?"

"பூட்ட நீதானே வெட்டின?" என்றார் லெம்லெம்.

இயோப் கம்பியைத் துடைத்துச் செருகினார். பழைய மின்சார சுவிட்சின் கறுப்பு பேக்கலைட் பிளாஸ்டிக்கை அறுத்து, குழாய்த் திருகின் பித்தளையில் முனை செய்து, இரண்டு நாளில் ரோட்டரை முடித்தார். ஸ்பார்க் பிளக்குகளைத் துடைத்து, கார்புரேட்டரைக் கழுவி மாட்டினார். புது பேட்டரி வைத்து, பெட்ரோல் நிரம்பிய பாட்டிலைக் குழாயில் இணைத்துத் தொங்கவிட்டு, சாவியைத் திருப்பினார். நாற்பது வருடம் படுத்துக் கிடந்த எஞ்சின் ஒரு இருமல்கூட இல்லாமல் முதல் சுற்றிலேயே பிடித்துக்கொண்டது.

லெம்லெம் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். சற்று நேரம் கழித்து இயோப் சாவியை அணைத்தார். எஞ்சின் நிற்கவில்லை.

சூட்டில் சிலிண்டருக்குள் கரி கனன்றால் சில நொடிகள் அப்படி ஓடும்; அவருக்குத் தெரியாததல்ல. பத்து எண்ணினார். முப்பது எண்ணினார். பேட்டரி வயரைப் பிடுங்கினார். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்து ரோட்டரையே உருவிச் சட்டைப்பையில் போட்டார். பெட்ரோல் குழாயை இழுத்துப் போட்டார். கார்புரேட்டரில் மிஞ்சியது ஒரு வாய் பெட்ரோல்; நிமிடத்தில் தீர வேண்டும். ஐந்து நிமிடம் ஆயிற்று. சத்தம் சீராக, அவசரமில்லாமல், யாருக்காகவோ காத்திருப்பதுபோல் ஓடியது.

லெம்லெம் முன்பக்கம் வந்து, திறந்திருந்த பானெட்டைச் சாத்தி அதன் மேல் உள்ளங்கையை வைத்தார்.

"போதும்டா கிடானே. கேட்டுட்டேன். நிறுத்து."

நின்றது.

பிறகு லெம்லெம், "காப்பி போடட்டுமா?" என்று கேட்டார். அந்த ஊர் வழக்கப்படி ஊற்றிய மூன்று சுற்றையும் இயோப் உட்கார்ந்து குடித்தார்.

பட்டறைக்கு வந்த பிறகுதான் சட்டைப்பையில் கிடந்த ரோட்டரைப் பார்த்தார். அன்று காலை அவரே அரம் போட்டுப் பளபளக்க வைத்த பித்தளை முனை கரிந்து, குழி விழுந்து, பாதியாகத் தேய்ந்திருந்தது. சில நிமிட ஓட்டத்தில் வராத தேய்மானம் அது. எத்தனை ஆயிரம் மைல் என்று அவரால் கணக்கிட முடியவில்லை.

மறுநாள் புதிதாக ஒன்று செய்து எடுத்துப் போனார். லெம்லெம் வாசலிலேயே மறித்துவிட்டார்.

"வேணாம் மகனே. அவன் போகவேண்டிய எடத்துக்குப் போய்ச் சேந்துட்டான்."

அவருக்குப் பின்னால் கொட்டகைக் கதவு திறந்தே கிடந்தது. கார் அதே இடத்தில்தான் நின்றது. நேற்றுப் பட்ட கைத்தடங்களையெல்லாம் மூடி மேலே மறுபடி விரல் கனத்துக்குத் தூசி படிந்திருந்தது, இப்போதுதான் யாரோ பிடித்துத் திறந்ததுபோல் பளபளத்த ஓட்டுநர் பக்கத்துக் கதவின் கைப்பிடியைத் தவிர.