கரும்பலகை நீளப் புழு

வெட்டுகிறவன் இல்லாவிட்டால் எதுவும் நெடுநெடுவென்று வளரும் என்று நான் நம்பியிருந்தேன். புகையிலைத் தோட்டக்காரன் மகன் வேறு எதை நம்புவான்? கொழுந்தை முறிக்காமல் விட்டால் கன்று ஆளுயரம் போகும்.

சமாதான காலம். புதுக்குடியிருப்பில் உயர்தர உயிரியலுக்கு நான் ரியூசன் மாஸ்டர். வீதிக்கு அந்தப் பக்கம் இன்னொரு மாஸ்டர் வகுப்புத் தொடங்க, என் பிள்ளைகள் இருக்கும் வாங்குகள் காலியாகத் தொடங்கின. மிச்சப் பிள்ளைகளைப் பிடித்து வைக்க, பாடத்திட்டத்தில் இல்லாத ஒன்றை அவிழ்த்துவிட்டேன்: சின்ன உருளைப்புழு ஒன்றில் நீண்ட ஆர்.என்.ஏ.யைத் துண்டு துண்டாக வெட்டும் நொதியம் இருக்கிறது. அதை ஆக்குவதற்கென்று ஒரு பரம்பரை அலகும், அதாவது ஜீனும், உண்டு. நான் வாசித்தது அவ்வளவுதான்.

முல்லைத்தீவிலிருந்து பஸ்ஸில் வரும் நஸ்ரின், புகையிலை யாவாரியின் மகள், கையை உயர்த்தினாள்.

"சேர், அந்த அலகு பழுதாப் போனால் புழுவுக்கு என்ன நடக்கும்?"

கரும்பலகையின் இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரை ஒரு புழுவைக் கீறினேன். "இப்பிடி வளரும்!"

அடுத்த கிழமையே அதே புழுவை ஆராயும் எங்கள் பக்கத்து அம்மா ஒருவர் வெளிநாட்டிலிருந்து ஊர் மண்டபத்துக் கருத்தரங்குக்கு வந்தார். எதிர் மாஸ்டர் தன் பிள்ளைகளோடு முன்வரிசையில் இருந்தார். அம்மா படம் காட்டுவதற்கு வைத்த ஜெனரேற்றர் வேலை செய்யக் கூடாதென்று பிள்ளையாருக்குத் தேங்காய் நேர்ந்தேன். ஒரே இழுவையில் அது உறுமியது. பிள்ளையாரும் எதிர் மாஸ்டரின் ஆள்.

நஸ்ரின் எழும்பினாள். "மிஸ், வெட்டுற நொதியம் இல்லாட்டி இந்தப் புழு எவ்வளவு நீளம் வரும்? எங்கட சேர் பலகை முழுக்கக் கீறினவர்."

நான் குனிந்து, காலிலேயே கிடந்த செருப்பைத் தேடினேன்.

"பலகை முழுக்கவோ?" என்றார் அம்மா. "இது முழுசா வளந்தாலே ஒரு மில்லிமீற்றர்தான், பிள்ளை. அந்த நொதியம் வெட்டித் தாற சின்னத் துண்டுகள்தான் உடம்புக் கலங்களுக்கு, 'குஞ்சுப் பருவம் முடிஞ்சுது, இனி வளந்த புழுவின்ர வேலையைப் பார்' எண்டு சொல்லுது. துண்டு இல்லாட்டி அதுகள் பழைய வேலையையே திரும்பவும் செய்யும்."

எதிர் மாஸ்டர் திரும்பிப் பார்த்தார். "மாஸ்டர், உம்மட புழு எந்தத் தோட்டத்திலை விளைஞ்சது?"

"புகையிலைத் தோட்டத்திலை" என்று எழுந்து, கொழுந்து முறிக்கிற முழுக்கதையையும் சொன்னேன். மண்டபமே விழுந்து விழுந்து சிரித்தது. நஸ்ரின் மட்டும் சிரிக்கவில்லை.

"சேர், கொழுந்து முறிக்கிறது இலை தடிச்சு முத்துறதுக்கெல்லோ? நீங்கள் புகையிலையையும் பிழையாத்தான் விளங்கியிருக்கிறியள்."

தெரியாததைப் பலகையில் சின்னதாகக் கீற வேண்டும். அன்று நான் படித்த பாடம் இது.

அம்மா காட்டிய படங்களில், அந்த அலகை அடக்கிவிட்ட புழுக்கள் நீளவில்லை. ஒழுங்காக வளர்ந்த புழுவாக மாற முடியாமல் பல நடுவில் வெடித்துச் செத்தன. நஸ்ரின் அடுத்த கிழமை எதிர் வகுப்புக்குப் போய்விட்டாள்.