பத்தியம் இருந்த சமையல் மாஸ்டர்

என்ன சாப்பிட்டீர்கள் என்று எழுதிவரச் சொன்னால், என்ன சாப்பிட்டிருக்க வேண்டுமோ அதை எழுதிவருவார்கள்; அதை நம்பி ஆலோசனை சொல்வதுதான் என் தொழில். பத்தியச் சீட்டை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவைத்து அதையே முறைத்துப் பார்த்திருக்கும் உங்களுக்கு இது புரியும்.

நீண்ட விளக்கம்

கொட்டாம்பட்டி பாண்டி, கல்யாண மண்டபங்களில் சமைக்கும் மாஸ்டர். உடம்பெல்லாம் தடிப்பு, உதட்டில் வீக்கம், சில நாள் மூச்சும் திணறும். அலர்ஜி டாக்டர் என்னிடம் அனுப்பினார். பால், முட்டை, கோதுமை, மீன், கடலை, முந்திரி எல்லாவற்றையும் மூன்று வாரம் நிறுத்த வேண்டும். தடிப்பு அடங்கியதும் ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்தால், எது ஆகாது என்று தெரிந்துவிடும். இதை நான் கிரேக்க மருத்துவத்தில் தொடங்கி விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார்.

“நான் ஆக்குறத நானே திங்கக் கூடாது. அம்புட்டுத்தான சார்? இதுக்கா அரை மணி நேரம்?”

சுத்தமான நோட்டு

மூன்று வாரம் கழித்து நோட்டு வந்தது. சோறு, சுரைக்காய், உப்பு. மறுநாளும் சோறு, சுரைக்காய், உப்பு. இவ்வளவு ஒழுக்கமான நோட்டை நான் பார்த்ததில்லை, அதனாலேயே நம்பவில்லை. ஆள் இளைத்திருந்தார், தடிப்பு மட்டும் அப்படியே இருந்தது. வேறு வழி தெரியாமல் சீட்டில் தேங்காயையும் பருப்பையும்கூட அடித்தேன். கூட வந்திருந்த அவர் மனைவி முத்துலட்சுமி சீட்டை வாங்கிப் படித்தார்.

“அரிப்பும் போகல, ஆளும் பாதியாயிட்டாரு. அடுத்து எத நிறுத்தப் போறீங்க, மூச்சையா?”

உள்ளங்கை

திருப்பரங்குன்றத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போனேன். சமையல் பாண்டிதான் என்று தெரிந்ததும் பின்கட்டுக்குப் போய் நின்றேன். கரண்டியால் குருமாவை எடுத்து இடது உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டார், நக்கினார், கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு அடுத்த அண்டாவுக்குப் போனார். குருமா வெள்ளை வெளேரென்று முந்திரி அரைத்து ஊற்றியது. பத்து நிமிடத்தில் எட்டு முறை நக்கினார். பத்தியத்தை மீறலாமா என்று நான் கத்தியதும், உண்மையாகவே விழித்தார்.

“இது ருசி பாக்குறது சார். சாப்பாடுன்னா எல போட்டு உக்காந்து திங்கிறதுல்ல?”

முந்திரி

நக்குவதை நிறுத்தியதும் தடிப்பு அடங்கியது. ஆஸ்பத்திரியில் டாக்டர் முன்னால் ஒவ்வொன்றாகக் கொடுத்துப் பார்த்தோம். பால் ஒன்றும் செய்யவில்லை. கோதுமையும் அப்படியே. முந்திரித் துணுக்கு ஒன்றை நாக்கில் வைத்ததும் உதடு வீங்கியது; ஊசி போட்டார்கள். கண்டுபிடித்துவிட்டோம் என்று எனக்கு ஏக மகிழ்ச்சி. முந்திரி இல்லாமல் கல்யாணச் சமையல் கிடையாது என்பதால், மாஸ்டருக்காக மச்சினன் ருசி பார்க்க ஆரம்பித்தான்.

“உப்பு எப்படி மாப்ள?” “சரியா இருக்கு மச்சான்.” சரியாக இல்லை. இரண்டு பந்தியில் பேச்சு வாங்கினார்கள். மூன்றாவது கல்யாணத்தில், பெண்வீட்டார் வந்து நிற்கையில், மாஸ்டர் தாங்க முடியாமல் உள்ளங்கையை நீட்டிவிட்டார். தொண்டை அடைத்தது. பாத்திரம் ஏற்றிவந்த லோடு ஆட்டோவிலேயே தூக்கிப் போனார்கள். பிழைத்தார்.

சென்ற மாதம் மாட்டுத்தாவணி காய்கறி மார்க்கெட்டில் பார்த்தேன். ஆர்டர்களை இப்போது மச்சினன் எடுக்கிறான். இவருக்குக் காய் நறுக்கும் வேலை. தோல் பளபளவென்றிருந்தது. நன்றாயிருக்கிறீர்களே என்றேன்.

“நல்லாத்தான் இருக்கேன் சார். மாஸ்டர்னு கூப்பிட்ட பயலுகல்லாம் இப்ப அண்ணேன்னு கூப்பிடுறானுக.”

எதை நீக்கினால் நோய் போகும் என்று எப்படியும் கண்டுபிடித்துவிடுகிறோம். கூடவே வேறென்ன போகும் என்பது மட்டும் எங்கள் பாடத்திட்டத்தில் இல்லை.